மிச்சம் வைப்பவள்

அவள் எதையும் முழுசாக முடித்து நான் பார்த்ததில்லை. டிபன் பாக்ஸில் கடைசி வாய்ச் சோறு இருக்கும்போதே மூடியைப் போட்டுவிடுவாள். தண்ணீர் பாட்டிலின் அடியில் எப்போதும் ஒரு மடக்கு கிடக்கும். பஸ்ஸில் கதை சொல்ல ஆரம்பித்தால், யாரோ ஒரு மருமகளைப் பஞ்சாயத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் நேரம் பார்த்து, “மிச்சம் நாளைக்குக்கா” என்று எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்விடுவாள். கறம்பக்குடி வந்திருக்கும். மறுநாள் கேட்டால் பாதிக் கதை அவளுக்கே மறந்திருக்கும்.

எனக்கு இது கொஞ்சமும் ஆகாது. நான் தட்டைத் துடைத்துச் சாப்பிடுகிறவள். அன்றைய ஃபைலை அன்றே கட்டி வைக்காவிட்டால் தொண்டையில் முள் நிற்பதுபோல் இருக்கும். பக்கத்து வீட்டில் அரை டம்ளர் சர்க்கரை வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். என் வீட்டுக்காரர் எனக்கு ‘செட்டில்மென்ட்’ என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்.

ஏன்டி இப்படி எல்லாவற்றிலும் மிச்சம் வைக்கிறாய் என்று ஒருநாள் எரிச்சலாகவே கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

“அரிசிப் பானையையும் உப்பு ஜாடியையும் வழிச்சு எடுத்தா வீடு வெளங்குமாக்கா? கொஞ்சம் கெடந்தாத்தான் மறுபடி வரும்.”

இது எல்லா வீட்டிலும் இருக்கிற வழக்கம்தான். என் அம்மாவும் உப்பு ஜாடியைக் காலியாக விடமாட்டாள். ஆனால் அடுப்பங்கரைச் சட்டத்தைப் பஸ்ஸுக்கும் பேச்சுக்கும் பாட்டுக்கும் நீட்டிக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

பஸ் சிநேகம்தான் எங்களுடையது. நான் புதுக்கோட்டையில் ஏறுவேன். அவள் ஆலங்குடிக்குச் சற்று முன்னால் ஒரு நிறுத்தத்தில் கைகாட்டுவாள். அதுவரை பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து, கேட்பவர்களிடமெல்லாம் ‘ஆள் வருது’ என்று சொல்லிச் சொல்லி எனக்குப் பாதி பஸ்ஸோடு பகை. எனக்குக் கறம்பக்குடியில் அரசு அலுவலக வேலை. அவளுக்கு அதே ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், சாதிச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற வேலை. என்னைவிட நாலைந்து வயது இளையவள். நீங்க, வாங்க என்றுதான் பேசுவாள். நான்தான் முதல் வாரத்திலேயே வாடி போடிக்கு இறங்கிவிட்டேன்.

அவளுடைய புருஷன் உயிரோடு இருந்தபோது ஒரு கார்த்திகை மாதம் அவர்கள் வீட்டு ஐயப்ப பூஜைக்குப் போயிருந்தேன். அவர் மாலை போட்டிருந்தார். அவர்தான் பாடினார். அவள் ஆர்மோனியப் பெட்டி வாசித்தாள். பஸ்ஸில் சீட்டு நுனியில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிக்கிற பெண்ணா இது என்று இருந்தது. ஒரு கை துருத்தியைத் தள்ள, இன்னொரு கை கட்டைகள் மேல் ஓட, முகம் மட்டும் சும்மா யாரையோ வரவேற்பதுபோல் இருந்தது. கல்யாணமான புதிதில் அவர் வாங்கித் தந்த பெட்டியாம். பஜனைக் குழுவில் வாசிக்கிறவரைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாளாம்.

மறு வருஷம் அவர் இல்லை. நெஞ்சு வலி என்று காரில் ஏற்றினார்கள். புதுக்கோட்டை வருவதற்குள் முடிந்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்து அவள் மறுபடி பஸ் ஏறிய முதல் நாள், நான் பையை எடுத்து இடம்விட்டேன். அவள் உட்கார்ந்தாள். வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினாள். இரண்டு பேரும் கறம்பக்குடி வரை மென்றுகொண்டே போனோம்.

சில மாதம் கழித்து அவளே பெட்டிப் பேச்சை எடுத்தாள். அதைத் திறந்தால் மாமியார் அழுகிறார், திறக்காமல் பார்த்தாலும் அழுகிறார். பெட்டி, மகன் பாடுகிற குரலையும் கூடவே அழைத்து வந்துவிடுகிறதாம். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அழுகிறவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றாள். தெரிந்தவர் யாராவது வாங்கிக்கொண்டால் தேவலை என்றாள். நான் யோசிக்கவே இல்லை. ‘நானே வாங்கிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டேன். ஒரு பங்கு அவள்மேல் இருந்த இரக்கம். மூன்று பங்கு, அந்தக் கார்த்திகையில் அவள் உட்கார்ந்திருந்த மாதிரி நானும் ஒருநாள் உட்கார வேண்டும் என்கிற ஆசை.

கையில் மொத்தமாகப் பணம் இல்லை. தவணையில் தருகிறேன் என்றேன். அவள் வீட்டில் பேசிவிட்டு வந்து, மாதாமாதம் இவ்வளவு போதும் என்று ஒரு தொகை சொன்னாள். அந்தக் கணக்கில் போனால் கடன் முடிய என் ரிட்டயர்மென்ட் வந்துவிடும்போல் இருந்தது. கூட்டிக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்றாள். பஸ்ஸிலேயே கொடுத்துவிடவா என்றேன். பஸ்ஸில் காசு கைமாறுவது நல்லதில்லை, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். போனில் அனுப்புகிறேன் என்றதற்கு, தனக்கு அதெல்லாம் வராது என்று சொல்லிவிட்டாள். காலை முதல் மாலை வரை ஊர்ப்பட்ட ஜனத்துக்குப் போனில் பணம் கட்டிக் கொடுக்கிறவள்.

இதற்குப் பிறகும் புரியவில்லை என்று நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நானே நம்ப மாட்டேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு, சாப்பாட்டு நேரம் தாண்டி வருவாள். எங்களுக்கு மாடி வீடு. செருப்பைக் கழற்றும்போதே, “பெட்டி எப்படிக்கா இருக்கு” என்பாள், காய்ச்சலில் கிடந்த பிள்ளையை விசாரிப்பதுபோல. காற்று போகாமல் வைத்தால் துருத்தித் தோல் விறைத்துப்போகும் என்று அவளே கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துத் துடைப்பாள். நடுவில் ஒரு கட்டை அமுங்கினால் எழாது. அதை நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவாள், எழுந்துவிடும். எனக்கு அது எழுந்ததே இல்லை. பிறகு வாசிப்பாள். பஜனைப் பாட்டு ஒன்று, பழைய சினிமாப் பாட்டு இரண்டு. தூங்குகிற பாவனையில் படுத்திருக்கும் என் வீட்டுக்காரரின் கால் கட்டைவிரல் தாளம் போடும். கீழ்வீட்டு அம்மா துணி எடுக்கிற சாக்கில் படியேறி வந்து நிற்பார்.

எந்தப் பாட்டையும் கடைசி வரி வரை வாசிக்க மாட்டாள். ஒரு வரி பாக்கி இருக்கும்போது துருத்திக்குக் கொக்கி போட்டுவிடுவாள். மிச்சம் அடுத்த மாதம் என்பாள். அதுவும் அவளுடைய உப்பு ஜாடிப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கொக்கி போட மறந்தாள். கட்டையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, இடது கை மட்டும் துருத்தியைத் தள்ளிக்கொண்டே இருந்தது. பாட்டு இல்லாமல் காற்று மட்டும் வந்துபோனது.

“இந்த எடத்துல அவரு எடுப்பாரு,” என்றாள். பிறகு சிரித்து, டீ ஆறிவிட்டதா என்று கேட்டாள்.

தவணைப் பணத்தை எண்ணாமல் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்வாள். டம்ளரில் அடி டீயை விட்டுவிட்டு, “வாரேங்க்கா” என்று இறங்கிப் போவாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்கும்போது அவள் நடையே வேறாக இருக்கும்.

அவள் போனதும் நான் பெட்டியை இழுத்து வைத்து உட்காருவேன். என் வீட்டுக்காரர் எழுந்து குளிக்கப் போய்விடுவார். அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு முறை குளித்தது அந்தக் காலத்தில்தான். அவள் எனக்குச் சொல்லித்தரவும் பார்த்தாள். என் இரண்டு கையும் மாமியார் மருமகள் மாதிரி, ஒன்று சொல்வதை மற்றது கேட்காது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நானும் பெட்டி பழசு, கட்டை சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் அதே பெட்டி அவளுக்கு வாயைத் திறந்து பேசியதே.

பொறாமைதான், வேறென்ன. என் வீடு, என் பணம், என் பெட்டி. அவள் வருகிற அரைமணி நேரம்தான் அதற்கு உயிர். மற்ற நாளெல்லாம் அது கட்டிலுக்கடியில் அவளுக்காகக் காத்துக் கிடந்தது. போகப்போக முதல் ஞாயிறு நெருங்கினாலே எனக்கு முகம் சுருங்க ஆரம்பித்தது. விருந்தாளி வந்தால் அலைச்சல், அவருக்குத் தூக்கம் கெடுகிறது, கீழ்வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று ஏதேதோ காரணம் அடுக்கினேன். கீழ்வீட்டு அம்மா, அந்தப் பெண் இந்த மாதம் வரலையா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து எனக்குச் சீட்டுப் பணம் விழுந்தது. மொத்தப் பாக்கியையும் கட்டிவிடுகிறேன் என்று பஸ்ஸில் சொன்னேன். ஒரேயடியாகக் கொடுத்து என்ன செய்யப்போகிறீர்கள், கிடக்கட்டும் என்றாள். மறுபடி ஒருமுறை சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேச்சை மாற்றினாள். அவளிடம் கொடுத்தால் வாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் ஒரு சனிக்கிழமை ஆலங்குடியில் இறங்கி, அவளுடைய கொழுந்தன் நடத்துகிற உரக்கடைக்குப் போனேன். பணத்தையும் ஒரு டப்பா மைசூர்பாகையும் கொடுத்தேன். அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

“நல்லதாப் போச்சுங்க. அண்ணி மாசாமாசம் இதுக்குன்னு அலைஞ்சுக்கிட்டு கெடந்தாங்க.”

தெரியாமல் செய்தேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அவர் அப்படிச் சொன்னபோது, பஸ் ஸ்டாண்டு பக்கம் அவள் நடந்துபோகிற நடை ஞாபகம் வந்தது. அதை அமுக்கிவிட்டு, கடன் தீர்ந்த சந்தோஷம் என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை அவள் வந்து உட்கார்ந்தாள். ஆலங்குடி போனது. வேர்க்கடலைப் பொட்டலம் வெளியே வரவில்லை. மைசூர்பாகு நன்றாக இருந்ததா என்று நான்தான் கேட்டேன்.

“கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கலாம்லக்கா,” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கடன் இல்லாவிட்டால் என்ன, நீ சும்மா வா, எப்போது வேண்டுமானாலும் வந்து வாசி என்று படபடவென்று சொன்னேன்.

“சும்மா வாரதுக்கு வீட்டுல என்னன்னு சொல்லிட்டு வர? அத்தைகிட்ட, ஒங்க மகன் பெட்டிய வாசிக்கப் போறேன்னா சொல்ல முடியும்? காசு வாங்கப் போறேன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

அவள் பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை. போனில் பணம் வாங்கத் தெரியாது என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னவள்தான். ஆனால் அழுகிற மாமியாரிடம் சொல்வதற்கு அவளுக்கு ஒரு நிஜமான பாக்கி தேவைப்பட்டது. அதைத்தான் நான் துடைத்து வைத்துவிட்டேன். பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள் என்றேன். எங்கே கொண்டுபோய் வைப்பது என்றாள். வேறு ஏதாவது கடன் கொடு, மாதாமாதம் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன். அதற்குச் சிரித்துவிட்டாள். கறம்பக்குடியில் இறங்கும்போது வழக்கம்போல் என் பையையும் எடுத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வரவில்லை. பஸ்ஸில் மட்டும் கொஞ்ச காலம். பிறகு அவளுடைய முதலாளி ஆலங்குடியிலேயே இன்னொரு சென்டர் திறந்து அவளை அங்கே போட்டுவிட்டார். கறம்பக்குடி பஸ்ஸில் நான் பையை மடியில் வைத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

வீட்டில் பெட்டி இருந்தது. பெருக்கும்போதெல்லாம் விளக்குமாறு அதில் முட்டும். முதல் ஞாயிறு வந்தால் கீழ்வீட்டு அம்மா மாடிப்படியைப் பார்ப்பார். அந்தப் பெட்டி என்னைப் பார்க்கிற மாதிரியே எனக்கு இருந்தது. விராலிமலைப் பக்கம் என் வீட்டுக்காரர் வேலை செய்யும் கம்பெனியில் ஒருவர் பஜனைக் குழு வைத்திருந்தார். பழைய பெட்டி தேடுகிறார் என்று தெரிந்ததும், இவர் பேச்சை முடிப்பதற்குள் கொடுத்துவிடுங்கள் என்றேன். மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கொடுத்து எடுத்துப்போனார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எடுத்துக்கட்டும்க்கா என்றுதான் சொல்லியிருப்பாள். அந்தக் குரலைக் கேட்கப் பயம்.

சில வாரம் கழித்து, ஒரு பகல் பொழுதில் அவளுடைய மாமியார் மாடிப்படி ஏறி வந்தார். நான் லீவில் இருந்தேன். கண் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கூட வந்த உரக்கடைக்கார மகனை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு வீடு விசாரித்து வந்திருக்கிறார். கையில் ஒரு தூக்குவாளி நிறையப் பலாச்சுளை. தண்ணீர் குடித்துவிட்டு, தாயி என்று ஆரம்பித்தார். சுற்றி வளைக்கவில்லை.

“எம் மருமக இங்க வந்து பெட்டி வாசிப்பான்னு எனக்குத் தெரியும். வாசிக்கட்டும்னுதான் தவணையச் சின்னதாப் போடச் சொன்னேன். என் கண்ணு முன்னால அத வாசிச்சா எனக்குத் தாங்காது. அதுக்காக அவ வாசிக்காமலே இருக்கணுமா?”

தனக்குத் தெரியும் என்பது மருமகளுக்குத் தெரியாது என்றார். தெரிந்தால் கூச்சப்பட்டு நின்றுவிடுவாள் என்று காட்டிக்கொள்ளவே இல்லையாம். தவணை வாங்கி வருகிற அன்று ராத்திரி சமையலே ருசியாக இருக்கும் என்று சொல்லிச் சிரித்தார். இப்போது வேலைக்குப் போகிறாள், வருகிறாள், எல்லோரிடமும் பேசுகிறாள், ஒரு குறையும் சொல்ல முடியாது என்றார்.

“ஆனா தட்டுல ஒரு பருக்கை இல்லாம வழிச்சுச் சாப்புடுறா தாயி. அதப் பாக்கத்தான் எனக்கு என்னமோ போல இருக்கு.”

அவர் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். கணக்குப் பார்த்ததில் கொஞ்சம் விட்டுப்போச்சு, பாக்கி இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கீழே இருக்கிற மகனுக்குத் தெரிய வேண்டாம். அவளை அனுப்பி வைப்பது தன் பொறுப்பு. சொல்லிவிட்டு, பெட்டியை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டார். அழமாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னார்.

ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். வாயில் அதுதான் வந்தது. அந்த அம்மா முகத்தில் ஒரு நிம்மதி. பெட்டியைப் பார்க்காமல் தப்பித்தோம் என்றும் இருக்கலாம். மெதுவாக வரட்டும், அவசரமில்லை என்று சொல்லித் தூக்குவாளியைக் காலி செய்து வாங்கிக்கொண்டார். வெறும் வாளியாகத் திருப்பித் தரக் கூடாதென்று நான் ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்தேன்.

மறுநாளே விராலிமலைக்குப் போனேன். பஜனைக் குழுக்காரர் நல்ல மனிதர். உட்கார வைத்து மோர் கொடுத்தார். பெட்டி நடுக்கூடத்தில் இருந்தது. சந்தனம், குங்குமம், சின்னதாக ஒரு மாலை. மலைமேல் முருகன் சன்னதியில் வைத்து எடுத்து வந்தார்களாம், சாமிக்கு என்று ஆகிவிட்டதாம். கூடப் பணம் தருகிறேன் என்றேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். வேறு பெட்டி ஒன்று வாங்கி வைக்கலாம் என்று யோசனை வந்தது. முதல் கட்டையைத் தொட்டதுமே அவள் கண்டுபிடித்துவிடுவாள். நடுக்கட்டையை நகத்தால் சுண்டிப் பார்த்தேன். அன்றைக்குப் பார்த்து எழுந்தது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு நெருங்கும்போது அவள் போன் செய்தாள். எடுக்கலாமா வேண்டாமா என்று நின்று, கடைசியில் எடுத்தேன். கணக்கில் விட்டுப்போனது என்று அத்தை சொன்னாராம். அத்தைக்கு யார் சொன்னது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பழைய குரல். வேர்க்கடலை மெல்லும் சத்தம்கூடக் கேட்டது.

“ரிப்பேருக்குப் போயிருக்காமே. அவசரப்படுத்தாதீங்கக்கா. துருத்தித் தோல மட்டும் மாத்த வேணாம்னு சொல்லிருங்க. வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்க, ஓடி வாரேன்.”

சரி என்றேன்.

“பாக்கி எவ்வளவுன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிறாதீங்க,” என்றாள்.

நான் சொல்லவில்லை. பெட்டியை விற்றுவிட்டதையும் சொல்லவில்லை.